கமலாபுரத்தில் நின்ற லோடு

சேலம் விமான நிலையம் சேலத்தில் இல்லை. ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் இருக்கிறது. வெண்ணந்தூரில் எங்கள் வீட்டில் இருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர் வரும். பெங்களூர் ரோட்டில் லோடு ஏற்றிக்கொண்டு அந்த வாசலை எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறேன். உள்ளே திரும்பியது இல்லை. போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமைதான் முதல் தடவை திரும்பினேன். அதுவும் ஆட்டோவில்.

நான் லாரி டிரைவர். நாமக்கல் வண்டி. பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. எழுதிப் பழக்கம் இல்லை. விமானம் ரத்தானால் என்ன செய்வது என்று எங்கள் சர்ச் பங்கில் பலபேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதிக் கொடுத்துவிடுங்கள், பங்கு இதழில் போடலாம் என்று பங்குச் சாமியார் சொன்னார். எழுதுகிறேன்.

எங்கள் மகள் சகாயமேரி கன்னியர் மடத்தில் சேர்ந்து பத்து வருசம் ஆகிறது. அந்த வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஐதராபாத்தில் அவளுக்கு இறுதி வார்த்தைப்பாடு, சாகும்வரை கன்னியராக இருப்பேன் என்று வாக்குக் கொடுப்பது. அவர்கள் சபையில் ஒரு முறை உண்டு. பெற்றவர்கள் இருவரும் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் நடந்து, கோயில் வாசலில் இருந்து பீடம் வரை கூட்டிப்போய், அங்கே விட்டுவிட்டு வர வேண்டும். பெற்றவர்கள் வராவிட்டால் மூத்த சிஸ்டர்கள் இருவர் நடப்பார்கள். வாங்க என்று அவள் கட்டாயப்படுத்தவில்லை. "நீங்க ரெண்டு பேரும் நடந்தா நல்லா இருக்கும்ப்பா" என்று போனில் சொன்னாள். அதற்கு மேல் அவளுக்கும் பேச வராது. என் மகள்.

நான் வண்டியை விட்டு இறங்கியது புதன்கிழமை. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். அதனால்தான் விமானம். ராசிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பதிவு செய்தேன். ஆளுக்கு மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது. போன் நம்பர் கேட்டான். எங்கள் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் நம்பரைக் கொடுத்தேன்.

இதைப் படிக்கும் லாரிக்காரர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். செக்போஸ்ட்டில் கேட்டாலும், சரக்கு பில்லில் கேட்டாலும், வைத்தியத்துக்குப் போன ஆஸ்பத்திரியில் கேட்டாலும் நாங்கள் ஆபீஸ் நம்பரைத்தான் சொல்வோம். டிரைவரின் போன் காட்டில் எடுக்காது, மலையில் எடுக்காது. ஆபீஸ் எப்போதும் எடுக்கும். முப்பது வருசப் பழக்கம். நாக்கில் தானாக வரும்.

காலை பத்தரை. விமான நிலையம் சின்னதாக, ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. ஆள் அதிகம் இல்லை. என் மனைவி புஷ்பம் கையில் ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம். மகளுக்கும் மடத்தில் உள்ளவர்களுக்கும் சுட்ட வெல்லப் பலகாரம். வாசலில் போலீஸ்காரர் மூடியைத் திறந்து பார்த்து, மோந்து பார்த்து, "போங்கம்மா" என்றார்.

கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். மகள் வயசுதான் இருக்கும். பேர் திவ்யா என்று சட்டையில் எழுதியிருந்தது. டிக்கெட்டைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"சார், உங்களுக்கு மெசேஜ் வரலீங்களா? காலைலயே அனுப்பிட்டமே. பிளைட் கேன்சல்."

"வரலீங்க."

நம்பரைப் படித்தாள். ஆபீஸ் நம்பர்.

"ரீபண்டும் கேட்டிருக்கீங்க சார். முழுப்பணமும் வந்துரும்."

நான் கேட்கவே இல்லை. வெளியே வந்து ஆபீசுக்குப் போன் போட்டேன். புக்கிங் கிளார்க் கணேசன் எடுத்தான்.

"ஆமாங்கண்ணா, ஏழு மணிக்கே வந்துச்சுங்க. பணம் வேணுமா, வேற பிளைட்டு வேணுமான்னு கேட்டுச்சு. பணம்னு அமுக்கிட்டனுங்க. ஒத்த ரூபா புடிக்க மாட்டாங்களாமா. நான் பார்த்தனோ பொழச்சுதோ."

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"ரெண்டு தடவ போட்டனுங்க. நீங்க எடுக்கல. ஆட்டோ சத்தத்துல கேட்டிருக்காது. பணந்தான் வந்துருமே, பொறவு சொல்லிக்கலாம்னு உட்டுட்டனுங்க."

அவனைத் திட்டவில்லை. பார்ட்டி லோடைக் கேன்சல் செய்தால் முதலில் பணத்தைப் பிடி என்பது ஆபீசில் எழுதாத சட்டம். அவன் வேலையை அவன் சரியாகத்தான் செய்திருந்தான்.

புஷ்பம் தூக்குப்போசியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, என்ன சொல்றா அந்தப் புள்ள?"

"பிளைட்டு இல்லையாமா."

"அப்ப?"

"இரு."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேலத்தில் தெரிந்த டிராவல்ஸுக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை, ஐதராபாத் பஸ்ஸில் இடம் இல்லை. பெங்களூர் போய் மாறினால் காலை பத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். வாடகைக் கார் எழுநூற்றைம்பது கிலோமீட்டர். போக வர இருபத்தைந்தாயிரம் கேட்டான். உட்கார்ந்தேன். எழுந்தேன். என் கால் தன்னால் ஆடிக்கொண்டிருந்தது. புஷ்பம் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள்.

பக்கத்தில் ஒரு பாய் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு சின்னப் பெட்டி. ஒரு அவசரமும் இல்லாத முகம். பேர் ஜாபர். சேலம் கோட்டைப் பக்கம் ஜவுளி வியாபாரம். மாதம் இரண்டு தடவை ஐதராபாத் போய் வருகிறவர்.

"உங்களுக்கு மெசேஜ் வரலீங்களா?" என்று அவரையும் கேட்டேன்.

"ஏழு மணிக்கே வந்துச்சே."

"அப்பறம் ஏன் வந்தீங்க?"

"அதுக்குத்தான் வந்தேன். வூட்ல இருந்தா பணம்தான் தருவாங்க அண்ணே. நேர்ல வந்து நின்னாத்தான் பிளைட்டு தருவாங்க."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். விமானத்தை அவர்கள் ரத்து செய்தால் இரண்டில் ஒன்று தர வேண்டும். வேறு விமானம், இல்லாவிட்டால் முழுப்பணம். எது என்று சொல்ல வேண்டியது பயணி. கம்பெனி இல்லை. வேறு விமானத்துக்குக் காத்திருக்கும்போது சாப்பாடு, டீ அவர்கள் பொறுப்பு. ஒரு நாள் கூட அவகாசம் தராமல் சொன்னால் இதற்கு மேல் நஷ்டஈடும் உண்டு. புயல், கலவரம் மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் நஷ்டஈடு கிடையாது. இன்றைக்குக் காரணம் என்ன என்று பாய் கேட்டதற்கு, விமானம் வேறு ஊரில் பழுதாகி நிற்கிறது என்று சொன்னார்களாம்.

"பழுதுன்னா அவங்க பொறுப்புதான். எழுதிக் குடுன்னு வாங்கிட்டேன்" என்றார்.

நான் கணேசன் அமுக்கியதைச் சொன்னேன். பாய் டீயைக் கீழே வைத்தார்.

"அடக் கொடுமையே. வாங்க."

கவுண்டரில் பாய்தான் பேசினார்.

"ஏம்மா, இவருக்கும் வேற பிளைட்டு போட்டுக் குடு."

"இவங்க ரீபண்ட் செலக்ட் பண்ணிட்டாங்க சார். டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"யாரு பண்ணது? இவரா பண்ணாரு?"

"அவங்க குடுத்த நம்பர்ல இருந்துதானே சார் வந்திருக்கு."

அவள் சொன்னது சரி. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"அம்மணி, நான் லாரி ஓட்டறவன். நடுரோட்ல அச்சு முறிஞ்சா ஓனர் வேற வண்டி அனுப்புவாரு. லோடை மாத்தி ஏத்துவோம். இந்தா வாடகை, சரக்கை ரோட்டோரம் வெச்சுக்கன்னு யாரும் சொல்றதில்லீங்க. எறங்கற எடம் போய்ச் சேர்ற வரைக்கும் ஏத்துனவன் பொறுப்பு."

"நீங்க லோடு இல்லீங்களே சார்."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. பின்னால் இருந்து புஷ்பம் சொன்னாள்.

"லோடுன்னே வெச்சுக்க கண்ணு. கொண்டு போய் எறக்கி உட்டாப் போதும். நாளைக்கு எம் புள்ளயக் குடுக்கோணும்."

"கல்யாணமுங்களா?"

"அது மாதிரிதான். சிஸ்டராப் போறா. நாங்க போய் விடோணும்."

அந்தப் பெண் தூக்குப்போசியைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடி வழியாக அவள் பேசுவது தெரிந்தது. ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் அந்த ஹாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். காவல்காரர் இரண்டு தடவை என்னைப் பார்த்தார்.

திரும்பி வந்தாள். "பணம் இன்னும் பேங்குக்குப் போகலீங்க. திருப்பி ஓபன் பண்ணிட்டாங்க. ராத்திரி எட்டு நாப்பதுக்குப் பெங்களூர்ல இருந்து பிளைட். கடைசி மூணு சீட். வேன் வருது. ஆனா ஏழே முக்காலுக்குள்ள கவுண்டர்ல இருக்கணும். அதுக்கு மேல போனா நான் பேச முடியாது."

மூன்று பேருக்கும் ஒரு பப்ஸும் ஒரு ஜூஸும் கொடுத்தாள். புஷ்பம் மூடியைத் திறந்து அவளுக்கு இரண்டு கச்சாயம் கொடுத்தாள். வேலை நேரத்தில் வாங்கக் கூடாது என்றாள். கவுண்டருக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

மதியம் ஒன்றே கால். வேன் வந்தது. பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் நாங்கள் மூன்று பேர். டிரைவர் முருகேசன். தாரமங்கலத்துக்காரர். நான் முன்னால் ஏறினேன். பின்னால் உட்கார எனக்குத் தெரியாது.

பெங்களூர் விமான நிலையம் இருநூற்று இருபது கிலோமீட்டர். ஊரைத் தாண்டி அந்தக் கோடியில் இருக்கிறது. தொப்பூர் மேடு ஏறும்போது முருகேசன் என் காலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்கண்ணா, அங்க ஒண்ணும் இல்லீங்க. கிளட்ச், பிரேக் எல்லாம் எம் பக்கந்தான் இருக்குது."

பின்னால் பாய் சிரித்தார். "அவரு அங்க இருந்தே ஓட்டறாரு. நீ சும்மா ஸ்டேரிங்கப் புடிச்சுக்க தம்பி."

காலை இழுத்து வைத்தேன். அடுத்த வளைவில் மறுபடியும் மிதித்தது.

தர்மபுரியில் டீக்கு நிறுத்தட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். கிருஷ்ணகிரி தாண்டிப் பாய்தான் நிறுத்தச் சொன்னார். அஸர் தொழுகை. ஒரு புளியமரத்தடியில் துண்டை விரித்தார். நான் ரோட்டைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், டயரை உதைத்துப் பார்த்தேன். புஷ்பம் வேனுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாக முடித்தார்கள்.

"உங்க புள்ளைக்கும் சேர்த்துக் கேட்டிருக்கேன் அண்ணே" என்றார் ஏறும்போது. "உங்க காலுக்கும்."

ஓசூருக்கு முன்னால் வண்டிகள் நின்றன. முன்னால் லாரி, பக்கத்தில் லாரி. அசைவே இல்லை. முருகேசன் போனில் ரூட் பார்த்தார். ஊருக்குள் புகுந்து போக மூன்றரை மணி நேரம் காட்டியது. அப்போது மணி நாலரை. மூன்றரையைக் கூட்டினால் எட்டு.

"பாகலூர் ரோட்ல திருப்புங்க" என்றேன். "மாலூர், ஒசகோட்டை, அங்கிருந்து தேவனஹள்ளி. பெங்களூருக்குள்ளயே போக வேண்டாம்."

"அது பூராக் குழிங்கண்ணா."

"குழிதான். நிக்காது. குழியில எறங்கி ஏறிப் போயிரலாம். நின்ன வண்டியத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

முட்டை லோடு போகும் வழி அது. முட்டை வண்டிக்காரன் குழிக்குப் பயந்தாலும் நிற்பதற்கு அதைவிடப் பயப்படுவான். ஊர்ந்து ஊர்ந்து அந்தத் திருப்பம் வந்ததும் முருகேசன் திருப்பினார். மாலூர் வரைக்கும் வேன் தூக்கித் தூக்கிப் போட்டது. பாயின் பெட்டி ஒரு சீட்டில் இருந்து இன்னொரு சீட்டுக்குப் போனது. புஷ்பம் தூக்குப்போசியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்பிரிங் போயிடுச்சா தம்பி?" என்றார் பாய்.

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆள் பத்தல" என்றேன் நான். "லோடு இருந்தா வண்டி அடங்கி ஓடும். காலி வண்டி குலுங்கத்தான் செய்யும்."

ஏழு பத்துக்குப் பெங்களூர் விமான நிலையக் கவுண்டரில் நின்றோம். முருகேசன் கையைப் பிடித்தேன். காசு கொடுத்ததை வாங்கவில்லை. "கம்பெனி குடுக்குதுங்க. அடுத்த தடவ அந்த ரோட்ல போனா உங்களைத்தான் நெனைப்பனுங்க" என்றார். எந்த அர்த்தத்தில் என்று கேட்கவில்லை.

விமானத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஜன்னலில் இருட்டுத்தான். காது அடைத்தது. டிரைவர் முகம் தெரியாத வண்டியில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. விமானம் தரை இறங்கும்போது என் வலது கால் அழுத்தியதில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பாய் ஐதராபாத்தில் எங்களை மடத்து வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் போனார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை. கோயில் வாசலில் ஐந்து பெண்கள், அவர்களைப் பெற்றவர்கள். ஒரு பெண்ணுக்கு மட்டும் இரண்டு பக்கமும் மூத்த சிஸ்டர்கள் நின்றார்கள். அவள் வீட்டார் மணிப்பூர்ப் பக்கமாம். நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சகாயமேரி எங்கள் நடுவில் வந்தாள். வெள்ளைப் புடவை. கையில் மெழுகுவர்த்தி.

"சாப்டீங்களா?" என்றாள்.

"ம்."

"அப்பா, கால் ஆடுது."

"தெரியும்."

பாட்டு தொடங்கியது. நடந்தோம். மெதுவாக நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பெங்களூர் வரைக்கும் ஓட்டு ஓட்டு என்று வந்தவன், அங்கே அந்த வழி இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பீடத்துக்கு முன்னால் கையை விட்டோம். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "இதோ வருகிறேன்" என்று சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. முன்னால் பார்த்துச் சொன்னாள்.

வார்த்தைப்பாட்டை வாசித்துவிட்டுப் பீடத்தின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். சரக்கை இறக்கினால் வாங்கினவன் கையெழுத்துப் போட்ட ரசீதோடுதான் நாங்கள் வண்டியை எடுப்போம். இங்கே கையெழுத்துப் போட்டது அவளே. எங்களுக்கு ஒன்றும் தரவில்லை. புஷ்பம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

நஷ்டஈட்டைப் பற்றி எழுத வேண்டும், அதற்குத்தான் எழுதச் சொன்னார்கள். வேனில் ஏற்றி வேறு விமானத்தில் அனுப்பிவிட்டார்கள் என்பதால் நஷ்டஈடு போய்விடாது, அது வேறு இது வேறு என்று பாய் சொன்னார். ஒன்றில் இருந்து இரண்டு மணி நேரம் பறக்கும் விமானத்துக்கு ஏழாயிரத்து ஐநூறு, அல்லது டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. பாய் மெயில் போட்டார், இரண்டாம் தடவை போட்டபிறகு வந்தது. எனக்கும் அவரே எழுதிப் போட்டார். சரியான தொடர்பு எண் தராத பயணிக்கு விதிப்படி இல்லை என்று பதில் வந்தது. அரசாங்கப் புகார்த் தளத்தில் போடலாம், அதுவும் ஒரு நம்பர்தானே, வாதாடலாம் என்றார் பாய். வேண்டாம் என்றேன். அந்த நம்பர் என்னுடையது இல்லை. அதுவரை அவர்கள் சொல்வது சரி.

அதனால் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது மூன்றுதான். சொந்த நம்பரைக் கொடுங்கள். பணம் என்று அவசரப்பட்டு அமுக்காதீர்கள். இடத்தை விட்டு நகராதீர்கள். இப்போது செக்போஸ்ட்டில்கூட என் நம்பரைத்தான் கொடுக்கிறேன். "எம்மேல நம்பிக்கை இல்லீங்களா அண்ணா" என்று கணேசன் கோபித்துக்கொண்டான். ஒரு மாதம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரயிலில் திரும்பினோம். இடம் கிடைத்துவிட்டது, ஜன்னலோரம். கச்சாயம் ஒன்றுகூட மிச்சமில்லை. சிஸ்டர்கள் தூக்குப்போசியைக் கழுவித் துடைத்துக் கொடுத்திருந்தார்கள். புஷ்பம் அதைச் சீட்டுக்கு அடியில் வைத்தாள். ஊர் பின்னால் போனது. நடுவழியில் எங்கேயும் நிற்கவில்லை. நேரத்துக்கு ஓடியது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் போசி மூடி கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. புஷ்பம் குனிந்து கையை வைத்தாள். எடுத்தால் மறுபடியும் அடித்தது. பிறகு என் முழங்காலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எல்லாந்தான் முடிஞ்சுதே. இன்னும் ஏன் ஆடிக்கிட்டே வாரீங்க?"

"காலி வண்டி" என்றேன்.

அவள் போசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையை என் முழங்காலில் வைத்தாள். சேலம் வரும் வரைக்கும் எடுக்கவில்லை.